ஆறாவது கேள்விக்குச் சரியான பதில்

பயிற்சி அட்டை இல்லாத ஒப்பந்தத் தொழிலாளி கேட்டைத் தாண்டக் கூடாது என்று கம்பெனிகளுக்கு ஒரு விதி வந்தது. நாட்டின் தொழிலாளிகள் எல்லோரையும் தேர்ச்சி பெற்றவர்களாக்கப் போகிறோம் என்றார்கள். கெமிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு விம்கோ நகர் வீட்டில் சும்மா இருந்த எனக்கு அப்படித்தான் வகுப்பெடுக்கும் வேலை கிடைத்தது. திருவொற்றியூரில் ஒரு மளிகை மொத்தக் கடையின் மாடி. காலையில் பாடம், மதியம் பத்துக் கேள்வி, சாயங்காலம் அட்டை.

கீழே மிளகாய் மூட்டை பிரித்தால் மாடியில் எல்லோரும் இருமுவோம். பாடத்தை அதிலிருந்தே ஆரம்பிப்பேன். "மிளகாய் நெடி நம்மள எச்சரிக்குது. டேங்குக்குள்ள இருக்கற வாயு எச்சரிக்காது."

வருகிறவர்களில் பாதிப் பேர் எண்ணூரில் ரசாயன டேங்குகளுக்குள் இறங்கிக் கழுவுகிறவர்கள். ஆறாவது கேள்வி அவர்களுக்கானது. உள்ளே கூட்டாளி மயங்கி விழுந்தால் என்ன செய்வீர்கள்? எல்லோரும் ஒரே குரலில் இறங்கித் தூக்குவோம் என்பார்கள். சரியான பதில் அதுவல்ல. இறங்கக் கூடாது, அலாரம் அடித்துவிட்டு மீட்புக் குழுவுக்குக் காத்திருக்க வேண்டும்.

ஒருநாள் ஐம்பது வயதிருக்கும் ஒருவர் எழுந்தார். படகுத் தொழிலை விட்டுவிட்டு டேங்க் வேலைக்கு வந்த மீனவர். "இன்னா டீச்சரம்மா இது? கடல்ல ஒர்த்தன் வுயுந்தா நாங்க யோசிக்கவே மாட்டோம். இங்க நின்னு பாத்துகினு இருக்கணுமா?"

"நீங்களும் இறங்கினா ரெண்டு பேரா போயிடுவீங்கண்ணா."

"அப்போ அவன யாரு தூக்குவா?"

"மீட்புக் குழு. நாலு நிமிஷத்துல வந்துடுவாங்க."

ஸ்லைடில் அப்படித்தான் இருந்தது. நான் எந்தக் குழுவையும் பார்த்ததில்லை. அவர் உட்கார்ந்து, சரியான பதிலில் டிக் அடித்தார்.

ஒரு மாதம் கழித்து வேறு வேலையாக அவர் வேலை செய்த டேங்க் வளாகத்துக்கே போக வேண்டியிருந்தது. மீட்புக் குழு எங்கே என்று செக்யூரிட்டியிடம் கேட்டேன். சுவரோரம் பூட்டிக் கிடந்த ஒரு பீரோவைக் காட்டினார். மூச்சு சிலிண்டர்கள் அதற்குள் இருக்கின்றன, சாவி சூப்பர்வைசரிடம், அவர் பக்கத்து யூனிட்டில் இருப்பார் என்றார். குழு என்று யாரும் இல்லை. மேனேஜரிடம் சொன்னேன். "அடுத்த ஆடிட்டுக்குள்ள சரி பண்ணிடுவோம் மேடம்" என்றார். ஒரு மெயில் அனுப்பினேன். மறுநாள் புது பேட்ச். அதே ஸ்லைடைப் போட்டேன்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு காலை, வகுப்பு நடக்கும்போது அந்த மீனவர் படியேறி வந்தார். வேலை உடுப்போடு இருந்தார். வெளியே வரச் சொல்லிக் கையசைத்தார்.

அவருடைய கூட்டாளி, எம்.கே.பி. நகர்க்காரர், முந்தின நாள் டேங்குக்குள் இறங்கியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது. இவர் அலாரம் அடித்திருக்கிறார். இன்னும் இரண்டு பேர் ஓடிவந்து இறங்கப் பார்த்தார்கள். இருவரையும் சட்டையைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளி, அவர்கள் மேலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

"நீ சொன்னத அப்டியே செஞ்சேம்மா. நாலு நிமிசம்னு சொன்னியே. சாவி வர்றதுக்கே அர மணி நேரம் ஆச்சு. அவன் செத்துப் பூட்டாம்மா."

திட்டவில்லை. அழவும் இல்லை. சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். நான் வகுப்புக்குள் திரும்பிப் போய், எங்கே விட்டேன் என்று தெரியாமல் நின்றேன்.

கம்பெனி அறிக்கையில், பயிற்சியால் இரண்டு உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்று எழுதியிருந்தார்கள். அது பொய்யில்லை. அதனால்தான் அதைப் படிக்கவே முடியவில்லை. அந்த மீனவரின் படத்தை ஸ்லைடில் போடலாமா என்று எங்கள் ஆபீஸில் கேட்டார்கள். போய்க் கேட்டேன். அவர் வேலையை விட்டிருந்தார். சாவு வீட்டில் கூட்டாளியின் மனைவி, "நின்னு பாத்துகினு இருந்தவன் ஏன் வந்தான்?" என்றாராம். குப்பத்திலும் யாரும் அவரிடம் சரியாகப் பேசுவதில்லை. படம் வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

அந்த நாலு நிமிடத்தை நான் ஸ்லைடிலிருந்து அழித்துவிட்டேன். இப்போது வேறொன்று சொல்கிறேன். இறங்குவதற்கு முன் பீரோவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், திறக்காவிட்டால் இறங்காதீர்கள். இதற்குப் பிறகு இரண்டு கம்பெனிகள் என் வகுப்புக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டன. பாடத்தில் இல்லாததைப் பேசாதே என்று ஆபீஸில் எச்சரித்தார்கள்.

போன வாரம் ஒருவர் கேட்டார். "தொறந்து காட்டுன்னு சொன்னா, நாளைலேர்ந்து வராதன்னுட்டா இன்னா பண்றது டீச்சர்?"

என் போன் நம்பரைப் பலகையில் எழுதினேன். பூட்டியிருந்தால் உடனே கூப்பிடுங்கள் என்றேன். அன்று முப்பது பேருக்கு அட்டை கொடுத்தோம். திங்கட்கிழமை எல்லோரும் எண்ணூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள். இன்று வியாழன். யாரும் கூப்பிடவில்லை.