மூன்றாவது வண்டிக்கு இடம்

நாமக்கல் பக்கம் ஒரு சோளக்காட்டை மனைகளாகப் பிரித்தபோது நானும் ஒரு மனை வாங்கினேன். அங்கே தெருவுக்கு அளவு குறிக்க வந்த ஓவர்சியரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. காக்கி அரைக்கால் சட்டை, தலைக்குச் சிறிய தொப்பி, முகத்துக்குப் பெரிய மீசை. அளவுச் சங்கிலியை அவர் தொடவே இல்லை. சாலையில் போன இரண்டு வைக்கோல் வண்டிகளைக் கூப்பிட்டு, காட்டுக்காரர் முளைக்குச்சி அடித்து விட்டிருந்த தெருவில் எதிரெதிரே ஓட்டச் சொன்னார்.

வண்டிகள் உரசவில்லை. காட்டுக்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் நடுத்தெருவில் வண்டிக்காரர்கள் இருவரும் மாட்டை நிறுத்தி, ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

"பாத்தீங்களா? தெரு பத்தாதுங்க" என்றார் ஓவர்சியர்.

"ஏனுங்க, அதான் உரசலீங்களே!" என்றார் காட்டுக்காரர்.

"நம்மூர்ல எதிர்ல பாத்தா பேசாம போவாங்களா? பின்னால வார மூணாவது வண்டிக்கு வழி உடோணுமுல்லீங்க?"

"ரெண்டு பக்கமும் மனை சுருங்கிருமுங்களே!"

"சுருங்கட்டுமுங்க."

காட்டுக்காரர் குதித்தார், கெஞ்சினார், இளநீர் வரவழைத்துக் கொடுத்தார். ஓவர்சியர் இளநீரைக் குடித்துவிட்டு, முளைக்குச்சியை இன்னும் தள்ளி அடிக்கச் சொன்னார். என் மனையும்தான் சுருங்கியது. எனக்கும் எரிச்சல்.

வீடு கட்டிக் குடிபோன பிறகு, ஒருநாள் அவர் சைக்கிளில் வந்தார். என்னைக் கண்டதும் நடுத்தெருவில் இறங்கி, சாக்கடைச் சரிவில் தொடங்கித் தம் பல்வலி வரை பேசிக்கொண்டே இருந்தார். பின்னால் வந்த வைக்கோல் வண்டி எங்களை விலகச் சொல்லாமல் ஓரமாகப் போயிற்று.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.