கேஜ் பாட்டுக்கு அர்த்தம் சொன்ன அக்கா

நம்புகிறவர்கள் நம்பட்டும். இதைப் பொய்யாகச் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. பக்கத்தில் டென்சிலும் இருந்தான். சந்தேகம் இருந்தால் அவனையும் கேட்டுப் பாருங்கள்.

போன ஐப்பசி மழையில் நடந்தது. நானும் டென்சிலும் பெங்களூரில் ஒரே கம்பெனி. தினமும் சாயங்கால ரயிலில் எங்கள் தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பம் திரும்புவோம். வழி நெடுக எங்களுக்கு ஒரே பேச்சு, 'கேஜ்'. எங்கள் ஊர் பர்னபாஸ் அண்ணன் எழுதிப் பாடிய ஆல்பம். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டைத்தான் இங்கே கேஜ் என்போம். ஒன்பது பாட்டும் சேர்ந்து ஒரே கதை. ஆனால் என்ன கதை என்று அண்ணன் வாயே திறக்கவில்லை. அதனால் கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு அர்த்தம்.

அன்றைக்கும் அதே சண்டைதான். 'நீ மேலயே இரு, நான் கீழ போயி வரேன்' என்ற வரி.

"ஷிப்டுக்குப் போறவன் பொண்டாட்டிகிட்ட சொல்றான். கீழ பாறை வுழுந்து செத்துர்றான். இதுல இன்னா சந்தேகம்?" என்றான் டென்சில்.

"அப்ப கடைசிப் பாட்டுல அழறது யாரு? செத்தது அவன் இல்லடா" என்றேன்.

பங்காருபேட்டையில் கூட்டம் இறங்கிவிட்டது. வண்டி கொஞ்ச தூரம் போனதும் பெட்டியின் விளக்கு மங்கியது.

"அது சுரங்கம் இல்லம்மா."

எதிர் சீட்டில், ஜன்னலோரம், ஒரு அக்கா. எப்போது வந்து உட்கார்ந்தார்? நாங்கள் கவனிக்கவில்லை. ஜன்னல் திறந்திருந்தது. சாரல் என் மடியை நனைத்தது. அந்த அக்காவின் புடவையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

டென்சில் சிரித்தான். "பின்ன இன்னாக்கா அது?"

"ஆஸ்பத்திரி லிப்ட்."

அவன் சிரிப்பு நின்றது.

"அஞ்சாவது மாடியில படுத்திருந்தேன். சூடா பால் வேணும்னு நான்தான் கேட்டேன். நீ மேலயே இரு, கீழ போயி வரேன்னாரு. திரும்பி வரச்சே லிப்ட் நடுவுல நின்னுபோச்சி. அவரு வர்றதுக்குள்ள..."



டிங்...

ஆல்பத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் வரும் அதே மணி. என் போனைப் பார்த்தேன். அணைந்து கிடந்தது. டென்சில் போனும்தான்.

டிங்...

காலுக்கு அடியிலிருந்து.

டெட்டால் வாசனை.

டென்சில் என் கையைப் பிடித்தான். 

"நான் கோவிச்சிக்கலன்னு அவருகிட்ட சொல்லுங்க. பால் வாங்கத்தான போனாரு..."

சாம்பியன் ஸ்டேஷன் வெளிச்சம் உள்ளே விழுந்தது.

சீட் காலி.

வண்டி இன்னும் நிற்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கெலட்டன் குடியிருப்பில் இருக்கும் பர்னபாஸ் அண்ணன் வீட்டுக்குப் போனோம். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் கண்ணைத் துடைக்கவே இல்லை. வழிந்துகொண்டே இருந்தது.

"ஜூடித்" என்றார். "என் சம்சாரம். அவ போனதுக்கு அப்பறம்தான் மொத வரியே எழுதினேன். பால் வாங்கப் போனத நான் ஒருத்தருகிட்டயும் சொன்னதில்ல. பாதர்கிட்ட கூட. அவ மூச்சு நிக்கறப்போ நான் லிப்டுக்குள்ள கதவத் தட்டினு இருந்தேன்மா."

"அவங்க கோவமா இல்லண்ணே" என்றான் டென்சில்.

 அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

"அவளுக்கு முடி இருந்துச்சா?"

"இருந்துச்சுண்ணே. இடுப்பு வரைக்கும் பின்னல்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கேன்சர் மருந்துல முடி ஒண்ணு விடாம கொட்டிப்போச்சி. மொட்டத் தலையோட ஊர்ல எறங்க மாட்டேன், முடி வளந்ததும் ரயில்ல வீட்டுக்கு வரேன்னு சொல்லினே இருந்தா. ஆம்புலன்ஸ்லதான் கொண்டாந்தோம்."