மழை வந்தால் ஜன்னலுக்குப் போ

கண்ணாடிக் கடையின் பின்னறையில் எப்போதும் ஈரமான ஒரு வெளிச்சம் இருக்கும். லென்ஸின் ஓரத்தைத் தேய்க்கும் கல்லின்மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க, அதிலிருந்து எழும் வெண்மையான தூறல் ஜன்னல் வெயிலில் மிதந்துகொண்டிருக்கும். அந்தத் தூறலுக்குள் உட்கார்ந்தே அவள் பாதி ஆயுளைக் கழித்துவிட்டாள். கடைக்கு வருகிறவர்கள் அவளைக் கண்ணாடியக்கா என்பார்கள். முன்னறையில் ஆட்களை நாற்காலியில் உட்காரவைத்து, கனமான சோதனை பிரேமை மூக்கில் மாட்டி, வட்டக் கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிப் போடுவதும் அவள்தான்.

"மேல பாருங்க. இமைக்காதீங்க. இப்ப தெளிவா?"

நாள் முழுக்க இப்படிச் சொல்லிச் சொல்லியே பழகியதால் கவிதையும் அவளுக்கு ஏவலாகவே வந்தது. நிலவே, மலரே என்று எதையும் கூப்பிடத் தெரியாது. பார், நில், எழுந்து போ என்றுதான் வரும். லென்ஸ் வரும் சின்னக் காகித உறையைப் பிரித்து, அதன் உள்பக்கத்தில் எழுதுவாள். தலைப்பு வைக்க வராது. எழுதியதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி கல்லைச் சுற்றவிடுவாள்.

வீட்டில் அவளும் நாத்தனாரும் மட்டும்தான். கணவர் இறந்தபோது, இரண்டு பெண்களும் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள் என்று உறவுக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். இருவரும் அந்தக் கணக்கைப் பொய்யாக்கிவிட்டு, ஒருவர் வாயை ஒருவர் பொறுத்துக்கொண்டு, ஒரே வீட்டில் இருந்தார்கள். நாத்தனார் நகல் கடையில் தட்டச்சு செய்பவள். காகித உறைகளை எல்லாம் வாங்கி, சிரித்துக்கொண்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டும் தட்டித் தந்தது அவள்தான். இணையத்தில் புத்தகம் அச்சடித்துத் தரும் சேவை ஒன்றைத் தேடிப் பிடித்ததும் அவள்தான்.

அதற்குமுன் கண்ணாடியக்கா பத்திரிகைகளுக்கு அனுப்பிப் பார்த்திருந்தாள். கிணற்றில் போட்ட கல். உறவுக்காரர்களிடம் கொடுத்தால், படிக்காமலே "ரொம்ப அருமை" என்றார்கள். அவளுக்கு வேண்டியது பாராட்டே இல்லை.

"என்னைத் தெரியாத ஒரே ஒரு ஆள் இதைக் கையில வச்சுப் படிக்கணும்," என்றாள் நாத்தனாரிடம். "முகதாட்சண்யம் இல்லாம. அப்புறம் தூக்கிப் போட்டாலும் பரவாயில்ல."

சேவையின் பக்கத்தில் 'கவிதை' என்று அழுத்தினால், ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு ரோஜாவும் பாதி நிலாவும் வந்து உட்கார்ந்தன. எவ்வளவு தட்டியும் போகவில்லை. கண்ணாடியக்கா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தாள். நான் எங்கேயும் ரோஜா என்று எழுதவே இல்லையே என்றாள். கடைசியில் 'கையேடு' என்ற வகையைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரிய, உறுத்தாத எழுத்து. பக்கத்துக்கு ஒன்று. தலைப்பு இல்லாததால் மேலே ஒரு எண். பார்வை குறைந்தவர்கள்கூடத் தடுமாறாமல் படிக்கலாம் போலிருந்தது. அட்டை வெளிர்நீலம். அதன் நடுவில் அவளுடைய பெயர் முழுதாக, முன்னெழுத்தோடு. திரையில் அதைப் பார்த்தபோது, பழைய வகுப்புத் தோழி ஒருத்தியைத் தெருவில் பார்த்தாற்போல அவளுக்கு இருந்தது. இவளா, எங்கே போயிருந்தாள் இத்தனை நாள்?

பெட்டி வந்து இறங்கியபோது அட்டையில் ஒரு குறையும் இல்லை. திறந்தாள். முதல் பக்கம் சொன்னது: பணி நேரத்தில் உட்காரக் கூடாது.

அடுத்த பக்கம்: கழிவறைக்குச் செல்லும் நேரம் இடைவேளையிலிருந்து கழிக்கப்படும். அதற்கடுத்தது: காரணமின்றி ஜன்னல் அருகே நிற்கக் கூடாது. கூடாது, கூடாது, கூடாது. கடைசிப் பக்கம் வரை மூச்சு விட இடமில்லாத கூடாதுகள். எந்த நிறுவனம் என்று உள்ளே எங்கும் இல்லை.

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணி, நடை மாறிடுச்சு? கோபமா இருந்தப்ப எழுதுனதா?"

கண்ணாடியக்கா சிரிக்கவில்லை. ஒவ்வொரு புத்தகமாக எடுத்துப் பிரித்தாள். எல்லாவற்றிலும் அவள் பெயருக்குக் கீழே யாருடைய அதிகாரமோ உட்கார்ந்திருந்தது. அந்த வரிகளை எழுதிய கை எப்படிப்பட்டதாக இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். ஒருநாள்கூட நின்றுகொண்டே வேலை செய்திராத கையாகத்தான் இருக்கவேண்டும். நாற்காலியில் சாய்ந்துகொண்டு அடுத்தவன் காலை நிற்கச் சொல்வது எவ்வளவு சுலபம்!

மாடிவீட்டு அம்மா, நாள் பார்த்து அனுப்பியிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்றார். நாளுக்கும் நட்சத்திரத்துக்கும் இதில் வேலையே இல்லை என்று கண்ணாடியக்கா திருப்பிச் சொன்னாள். எங்கோ ஒரு அச்சகத்தில் யாரோ ஒருவர் இரண்டு ஷிப்ட் சேர்த்து நின்றிருப்பார், கண் சொக்கியிருக்கும், அட்டை மாறியிருக்கும். தூங்கவிடாமல் வேலை வாங்கியவனை விட்டுவிட்டு வானத்தைக் குற்றம் சொல்வானேன்?

சேவைக்குத் தொலைபேசியில் சொன்னபோது கிட்டத்தட்ட அதுதான் நடந்திருந்தது என்று தெரிந்தது. ஒரே ஊருக்குப் போகவேண்டிய இரண்டு கையேடுகள், ஒரே அளவு, ஒரே தடிமன். இவள் அட்டைக்குள் மற்றக் கையேட்டின் பக்கங்கள் வந்தபோது, அதன் அட்டைக்குள் இவள் பக்கங்கள் போய்விட்டன. அது யாருடையது என்று சேவைக்காரர்கள் சொல்ல மறுத்துவிட்டார்கள். விசாரித்துச் சொல்கிறோம் என்று வைத்தார்கள்.

அதன்பின் கண்ணாடியக்காவுக்கு நடை கொஞ்சம் மாறிப்போயிற்று. காலால் நடக்கிறாளா, மிதக்கிறாளா என்று நாத்தனார் கேலி செய்யும்படி இருந்தது. அவள் கவிதைகள் இதே ஊரில் எங்கோ இருக்கின்றன, வேறு சட்டை போட்டுக்கொண்டு, முகவரி தெரியாமல். பேருந்தில் எதிரே இருப்பவரின் கையைப் பார்ப்பாள். மடியிலிருக்கும் பைகளைப் பார்ப்பாள். சிக்னலில் நிற்கிற கூட்டத்தில் யாரோ ஒருவர் திடீரென்று தலைநிமிர்ந்து தூரத்து மேகத்தைப் பார்த்தால், இவர் ஒன்பதாவதைப் படித்திருப்பாரோ என்று அவரையே பார்ப்பாள். ஒன்பதாவது இதுதான்:

நெடுநேரம் அருகிலேயே பார்த்த கண்ணே,
எழுந்து போய்த் தூரத்தில் எதையாவது பார்.
மரம் இல்லையென்றால் மேகம்.
மேகம் இல்லையென்றால்
யாராவது வருகிற வழி.

பின்னறைத் தூறலில் கல்லைச் சுற்றவிட்டபடி கனவு காண்பாள். தன் பக்கங்கள் போய்ச் சேர்ந்தது ஒரு பள்ளியாக இருக்குமோ, ஒரு கப்பலாக இருக்குமோ என்று. கல் லென்ஸைத் தாண்டி விரலைத் தொடும்போதுதான் விழித்துக்கொள்வாள்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள், ஊருக்கு வெளியே உள்ள பார்சல் கிடங்கிலிருந்து ஒரு பெண் வந்தாள். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். முகவரி படிக்கும்போது எழுத்து கலைகிறது, பொட்டலம் மாறிப்போய்த் திட்டு வாங்குகிறேன் என்றாள். கண்ணாடியக்கா சோதனை பிரேமை மாட்டி, கிட்டத்தில் படிப்பதற்கான சில்லைப் போட்டு, எதையாவது படித்துப் பாருங்கள் என்றாள். கடையின் சோதனை அட்டையிலிருந்த சின்ன எழுத்துகளைத் தள்ளிவிட்டு, அந்தப் பெண் தன் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்தாள். சாம்பல் நிற அட்டை. 'பணியாளர் ஒழுங்குமுறைக் கையேடு' என்று அதில் முத்திரையோடு போட்டிருந்தது. விரித்து, எழுத்துக்கூட்டுவதுபோலப் படித்தாள்.

"மழை வந்தால் கையில் இருப்பதைக் கீழே வை. ஜன்னலுக்குப் போ. அது நிற்கும்வரை உன்னை யாரும் கூப்பிடப் போவதில்லை."

கண்ணாடியக்கா கையிலிருந்த சில்லு தரையில் விழுந்து, உருண்டு, மேசைக்கடியில் போய்ப் படுத்தது. முப்பது வருடமாக ஒருவரிடமும் கேட்க மறக்காத 'இப்ப தெளிவா'வை அன்று கேட்க மறந்தாள். வேறொன்றைக் கேட்டாள், இது என்ன புத்தகம் என்று.

அந்தப் பெண்ணுக்குச் சொல்ல நிறைய இருந்தது. கையேடு வந்ததும் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, படித்துப் புரிந்துகொண்டேன் என்று கையெழுத்து வாங்கினார்களாம். கையெழுத்துப் போடும்போது யாரும் படிக்கவில்லை. கொடுத்த மேற்பார்வையாளரும் படிக்கவில்லை, அவருக்குமேல் கையெழுத்துப் போட்டவரும் படிக்கவில்லை. ஒரு மதியம் மழை கொட்டியது. அதற்குள் கையேட்டைப் புரட்டிப் பார்த்திருந்த, பொட்டலம் கட்டும் ஒருத்தி வேலையை வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றாள். மேற்பார்வையாளர் கத்திக்கொண்டு ஓடிவந்தார். அவள் பையைத் திறந்து பதினான்காவதைக் காட்டினாள். அவர் படித்தார். அட்டையைத் திருப்பி முத்திரையைப் பார்த்தார். தன் கையெழுத்தையே பார்த்தார். மேலிடத்துக்குப் போன் போட்டார். விதி எண்ணைச் சொன்னதும் மறுமுனையில், கையேட்டில் இருந்தால் அதன்படி செய்யவேண்டியதுதானே, இதற்கெல்லாம் போனா என்று வைத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து கிடங்கே படிக்க ஆரம்பித்துவிட்டது. யாராவது அழுதால் பக்கத்தில் ஒருவர் உட்காரவேண்டும் என்று ஒரு பக்கத்தில் இருந்ததாம். உட்கார்ந்தார்கள். ஒன்பதாவதைச் சொல்லிக்கொண்டு பெரிய கதவைத் திறந்துவைக்கச் சொன்னார்கள்.

"எப்பவும் எங்க ரூல் புக்குல கூடாது கூடாதுன்னுதான்க்கா இருக்கும். இதுல அந்தப் பேச்சே இல்ல. மேலிடத்துல யாரோ ஒரு நல்ல மனுசன் எழுதியிருக்காரு."

கண்ணாடியக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. மேலிடமா? மனுசனா? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்றும் அதே கணத்தில் தெரிந்தது. அந்தச் சாம்பல் அட்டையும் முத்திரையும் இருக்கும்வரைதான் ஜன்னல் திறந்திருக்கும். அவள் பெயர் வெளியே வந்தால் அது வெறும் கவிதை. வெறும் கவிதைக்காக யார் ஒரு பொட்டலத்தைக் கீழே வைக்க விடுவார்கள்?

"எல்லாம் புரியுதா?" என்று மட்டும் கேட்டாள்.

"பதினஞ்சு மட்டும் யாருக்கும் புரியல. ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க," என்றாள் அந்தப் பெண். கண்ணாடி தயாராக நாலைந்து நாள் ஆகும் என்று கேட்டுக்கொண்டு போனாள்.

அந்த நாலைந்து நாளுக்குள் கிடங்கின் அதிகாரி வீட்டுக்கே வந்துவிட்டார். சேவைக்காரர்கள் இப்போதுதான் அவர்களுக்கு விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். வெள்ளைச் சட்டை, பணிவான பேச்சு. கவிதைகள் மிகவும் நன்றாக இருக்கின்றன என்று ஆரம்பித்தார். சிக்கல் என்னவென்றால், திருப்பிக் கேட்டால் ஆட்கள் தர மாட்டேன் என்கிறார்கள். வேலையை விடும்வரை கையேடு பணியாளருக்கே உரியது என்று நிறுவனமே எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறது. ஆனால் உள்ளே இருப்பது இவளுடைய எழுத்து. என் எழுத்து, எனக்குத் திரும்ப வேண்டும் என்று இவள் ஒரு வரி கொடுத்துவிட்டால் ஆட்கள் தந்தே ஆகவேண்டும். பிறகு எல்லாவற்றுக்கும் நீல அட்டை போட்டு, இவள் பெயரோடு, நிறுவனமே வீட்டுக்குக் கொண்டுவந்து தந்துவிடும்.

நாத்தனார் வாசலில் சாய்ந்து நின்றாள். "அப்ப மழை வந்தா?"

"மழைக்கும் கிடங்குக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார் அவர்.

கண்ணாடியக்கா அவரைக் கூர்ந்து பார்த்தாள். கண்ணுக்குக் கீழே வீக்கம். கிட்டத்தில் பார்த்துப் பார்த்தே களைத்த கண்.

"நீங்க படிச்சீங்களா சார்?"

"நான்... கையெழுத்துப் போட்டுட்டேன்," என்றார். நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது.

கண்ணாடியக்கா பெட்டியிலிருந்த நீல அட்டைகளை ஒரு முறை பார்த்தாள். ஆசை இல்லாமலா? அந்தப் பெயரைப் பார்க்கத்தானே இத்தனையும்.

"எனக்குத் திரும்ப வேணாம் சார். அவங்ககிட்டயே இருக்கட்டும். உங்க ரூல் வேணும்னா புதுசா அடிச்சுக் குடுங்க. ஆனா இனிமே அவங்க படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவாங்க."

அவர் போனபின் நாத்தனார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "பேரு போச்சே அண்ணி," என்றாள். கேலி இல்லை அதில். கண்ணாடியக்கா ஒரு நீல அட்டையை மடியில் வைத்துத் தன் பெயரை விரலால் தடவினாள். அழுதாள் என்று சொல்ல முடியாது. ஆனால் கையேட்டில் சொன்னபடி பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

கிடங்குப் பெண் கண்ணாடி வாங்க வந்த அன்று வானம் மூடிக்கிடந்தது. கடைக்குள் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல ஒரு வெளிச்சம். புதிய கையேடு வந்திருக்கிறது, பழைய கூடாதுகள்தான், ஆனால் இப்போது எல்லோரும் வரிவரியாகப் படிக்கிறோம், ஒருத்தரும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள். பழையதைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணாடியக்கா புதுக் கண்ணாடியைத் துடைத்து, அவள் காதில் மாட்டி, ஓரத்தைச் சரிசெய்தாள். பிறகு, யோசிக்காமல், பழக்கத்தில் வாய் கேட்டுவிட்டது.

"இப்ப தெளிவா?"

அந்தப் பெண் தலையாட்டப் போனவள் பாதியில் நின்றாள். பின்னறையில் கல்லின்மேல் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. அவள் மெதுவாகப் புத்தகத்தைத் திறந்து, பதினான்கைத் தாண்டி, யாருக்கும் புரியாத பதினைந்தைப் புரட்டினாள். உதடு அசையாமல் படித்தாள்.

இப்போது தெளிவா என்று கேட்பவளிடம்
அவசரப்பட்டு ஆம் என்று சொல்லாதே.
இன்னொரு முறை பார்.
அவளும் உன்னைப் பார்க்கட்டும்.

படித்துவிட்டுச் சுவரில் தொங்கிய பிரேம்களைப் பார்த்தாள், எழுத்துப் பலகையைப் பார்த்தாள், சில்லு பிடித்துத் தேய்ந்த கண்ணாடியக்காவின் விரல்களைப் பார்த்தாள். புத்தகத்தை மூடவில்லை.

"இன்னொரு தடவ கேளுங்கக்கா."

கண்ணாடியக்கா குனிந்து கேட்டாள். "இப்ப தெளிவா?"

அந்தப் பெண் நிமிர்ந்து, புதுக் கண்ணாடி வழியாக, அவசரமே இல்லாமல் அவளைப் பார்த்தாள்.