புழுக்கையில் முளைத்த கருவை

சித்திரை வெயிலில் உதிர்ந்து கிடக்கும் சீமைக்கருவேலங்காயின் காய்ந்த நெத்தைக் கடித்தால் முதலில் தித்திக்கும், பிறகு நாக்கில் துவர்ப்பு ஏறும். ஆடுகளோ அதைத் தேடித் தேடித் தின்னும். உச்சிப்புளிக்குத் தெற்கே எங்கள் ஊரில் அந்த மரத்துக்குக் "கருவை" என்றுதான் பெயர்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், ஐப்பசி மழைக்குப் பின், கடலை போடக் காத்திருந்த எங்கள் கொல்லையில் கருவைக் கன்றுகள் கொத்துக் கொத்தாகக் கிளம்பின. பக்கத்துக் கொல்லைக்காரர் காதர் மாமாவோடு அய்யாவுக்கு ஏற்கெனவே மனக்கசப்பு. "அவன்தான் வெதையக் கொண்டாந்து எறிஞ்சிருக்கான். இல்லாட்டி இம்புட்டு எப்படி மொளைக்கும்?" என்று அம்மாவிடம் சொன்ன அய்யா, காதர் மாமாவின் மகள் நூர்ஜஹானோடு நான் பள்ளிக்கூடம் போவதையும் நிறுத்திவிட்டார்.

தனியாக நடந்த அந்த நாட்களில் எனக்கு ஒரே யோசனை. கையால் எறிந்திருந்தால் பரவலாக அல்லவா விழுந்திருக்கும்? ஒரு கன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரோடு ஆட்டுப் புழுக்கை ஒட்டிக்கொண்டு வந்தது. கோடையில் ஆடுகள் படுத்துக் கிடந்த இடங்களில்தான் கருவை. மைனாக்கள் வந்து உட்காரும் வேலியோரப் பனையடியிலோ கருவையே இல்லை. மைனா பழம் தின்னும் வேம்பும் கோவையும் சங்கஞ்செடியும் நெருக்கியடித்து நின்றன. அவரவர் தின்றதை அவரவர் விதைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

எங்கள் ஆட்டுப் பட்டியிலிருந்தே புழுக்கையை அள்ளி ஒரு சிரட்டையில் மண்ணோடு போட்டுத் தண்ணீர் தெளித்து வந்தேன். சில நாட்களில் இரண்டு கன்றுகள் தலைநீட்டின. அய்யாவிடம் காட்டினேன்.

"நம்ம ஆட்டுதா?"

"ஆமாய்யா."

ஒரு கன்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தவர், சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு காதர் மாமா வீட்டுக்குப் போனார்.

"காதரு, ஒன்னயத் தப்பாப் பேசிட்டேன். வெதைச்சது என் ஆடுகதான்."

"பாதி என் ஆடா இருக்கும்ணே. அதுகளும் அங்கனதான மேஞ்சுச்சு," என்றார் காதர் மாமா.

மறுநாள் நூர்ஜஹான் எங்கள் வாசலில் நின்றாள்.

இப்போது இரண்டு கொல்லையிலும் விவசாயம் இல்லை. பனையை வெட்டிவிட்டார்கள், கோவையும் சங்கஞ்செடியும் போய்விட்டன, எங்கு பார்த்தாலும் கருவை. போன மாதம் ஒரு மூலையை வெட்டித் திருத்தி, உயரமான கம்பு ஒன்றை ஊன்றிவிட்டு வந்தேன். மைனா வந்து உட்காருவதாக நூர்ஜஹானின் தம்பி போனில் சொன்னான். கீழே இன்னும் எதுவும் முளைக்கவில்லையாம்.