பிரசவ அறைக்குள் வராத மாமியார்கள்

எங்கள் ஆஸ்பத்திரியில் பெண்களுக்கு வாய் கிடையாது. காய்ச்சல் மருமகளுக்கு இருக்கும், விவரம் சொல்வது மாமியாராக இருக்கும். வயிற்றுவலி மனைவிக்கு, எந்த இடத்தில் என்று விரலால் சுட்டிக்காட்டுவது புருஷன். 1956 ஆனியிலிருந்து 1964 பங்குனி வரை, நாமக்கல்லுக்குத் தெற்கே ஒரு சிற்றூர் அரசாங்க ஆஸ்பத்திரியில் பெண்கள் பகுதிக்கு நான் டாக்டர். மாட்டு வைத்தியரிடம் போன எருமைகள்கூட என் நோயாளிகளைவிடத் தாராளமாகத் தங்கள் குறையைச் சொல்லியிருக்கும். எருமையாவது கத்தும்.

எங்கள் தலைமை டாக்டருக்கு இந்த ஏற்பாடு ரொம்பவும் வசதி. "கூட யாரு வந்திருக்கறது?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. கூட வந்தவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்வார். அவர் எழுதியதைப் படித்தால் அந்தச் சுற்றுவட்டாரப் பெண்கள் ஓயாமல் விழுந்துகொண்டே இருந்தார்கள் என்று தெரியவரும். கிணற்று மேட்டில் விழுந்தார்கள், களத்தில் விழுந்தார்கள், சோளத்தட்டுப் போரிலிருந்து விழுந்தார்கள். அதே மேட்டிலும் அதே களத்திலும் நடமாடிய ஆண்கள் மட்டும் வெள்ளாடுகளைப்போல் கால் ஊன்றி நடந்தார்கள். புவியீர்ப்புக்கு ஆண் பெண் பேதம் உண்டென்று நான் வாசித்த எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

1959 புரட்டாசி, இரண்டாம் சனிக்கிழமை காலையில் ஒரு பெரிய பண்ணைவீட்டு வில்வண்டி வாசலில் வந்து நின்றது. முதலில் இறங்கியவள் மாமியார். பெருமாளுக்கு விரதம், நெற்றியில் திருமண். பின்னால் மருமகள், இடது கையை வலது கையால் ஏந்திப் பிடித்தபடி இறங்கினாள். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், இருபது வயது இருக்கலாம். அந்த வருஷத்தில் அவள் எங்களிடம் வருவது அது மூன்றாம் முறை.

"என்னம்மா ஆச்சு?" என்று அவளைக் கேட்டேன்.

"கெணத்து மேட்டுல வழுக்கி உழுந்துட்டாளுங்க அம்மணி" என்றாள் மாமியார்.

"எப்ப?"

"முந்தாநேத்துங்க. இவளுக்கு நடக்கவே தெரியாதுங்க. ஆத்தூர்ல எல்லாம் இப்பிடித்தான் தடுமாறிக்கிட்டு நடப்பாங்களாட்ட இருக்குது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேள்விக்கு முன்பே தயாராகி வந்திருக்கும் பதிலை நான் நம்புவதில்லை. முந்தாநாள் ஒடிந்த கைக்கு இன்றைக்கு வண்டி கட்டியதையும் நம்பவில்லை. விழுகிற மனிதர் உள்ளங்கையை ஊன்றுவார். தோல் சிராயும், முறிந்தால் பெரும்பாலும் மணிக்கட்டை ஒட்டி முறியும். இவள் உள்ளங்கையில் ஒரு கீறல் இல்லை. முன்கையின் நடுவில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு முறிந்திருந்தது. முகத்துக்கு வரும் தடியைக் கை தூக்கித் தடுக்கிறவர்களுக்கு அங்கேதான் முறியும். ரவிக்கைக் கை மறைக்கும் இடத்தில் நான்கு விரல்கள் பதிந்த தடம் மஞ்சளாகி ஆறிக்கொண்டிருந்தது. அது முந்தாநாளையது அல்ல.

தலைமை டாக்டரிடம் காட்டினேன். அவருக்குத் தெரியாமல் இல்லை. நான் படித்த அதே பாடத்தை எனக்குப் பத்து வருஷம் முன்னால் படித்தவர். முறிவைத் தடவிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக வில்வண்டியைப் பார்த்தார்.

"விழுந்ததுன்னே எழுதிக்குங்க. பெரிய குடும்பம். நாம வைத்தியம் பார்க்க வந்தவங்க, பஞ்சாயத்துப் பண்ண வந்தவங்க இல்ல."

பொங்கல்தோறும் அந்த வீட்டிலிருந்து அவருக்கு வெல்லச் சிப்பமும் வாழைத்தாரும் வரும். பஞ்சாயத்து எப்போதோ முடிந்துவிட்டது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லைபோலும்.

பண்ணைவீட்டார் மட்டும் இப்படி என்று நினைத்துவிடக் கூடாது. சேலத்தில் எங்கள் மாதா கோவிலில், ஞாயிறு பூசை முடிந்ததும் கன்னத்தில் வீக்கத்தோடு நிற்கும் பெண்ணிடம் "உன் சிலுவையைச் சும" என்று உபதேசிக்கும் சீமாட்டிகளை நான் சிறுவயதிலிருந்தே பார்த்தவள். உபதேசித்த ஒருத்தியின் தோளிலும் தழும்பு பார்த்ததில்லை.

அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேச வேண்டும். மாமியாரோ நிழலைவிட நெருக்கமாக ஒட்டி நின்றாள். இதற்கு ஒரு வழி 1957இல் எனக்குத் தற்செயலாகக் கிடைத்திருந்தது. ஒருநாள் கட்டுப்போட வேறு இடமில்லாமல், அடிபட்டுவந்த ஒருத்தியைப் பிரசவ அறைக்குக் கூட்டிப்போனேன். விடாமல் பின்தொடர்ந்த அவள் மாமியார் வாசற்படியில் சடக்கென்று நின்றுவிட்டாள். தீட்டு அறை. உள்ளே கால் வைத்தால் தலைக்குக் குளிக்காமல் வீட்டுக்குள் நுழைய முடியாது. மருமகளின் ரத்தம் வீட்டுக்குள் சிந்தும்போது இவர்களுக்குத் தீட்டில்லை, ஆஸ்பத்திரியில் சிந்தினால்தான் தீட்டு. சட்டமும் போலீசும் நிறுத்தாதவர்களை ஒரு வாசற்படி நிறுத்தியது. அன்றுமுதல், சந்தேகம் தட்டினால், கைமுறிவோ காது கிழிசலோ, எல்லாவற்றுக்கும் பிரசவ அறைதான்.

எங்கள் ஆயா இதில் தேர்ந்தவள். அன்றைக்கும் வாளியும் துடைப்பமுமாக வாசலில் வந்து நின்றாள்.

"உள்ள இப்பத்தான் ஒண்ணு பெத்துப் போட்டிருக்குதுங்க. நான் இன்னுங் கழுவல. வாரீங்களா ஆத்தா?"

"அட பெருமாளே! நாங் கோயலுக்குப் போகோணும். நீங்களே பாத்துட்டு வாங்க!"

உள்ளே ஈ காக்கை இல்லை. கதவைச் சாத்தினேன்.

மாவுக்கட்டுக்குத் துணியை நனைத்துக்கொண்டே சொன்னேன். "இது விழுந்து ஒடிஞ்ச கை இல்லம்மா. அடிச்சு ஒடிஞ்ச கை. யாருன்னு நீ சொல்லித்தான் ஆகணும்னு இல்ல. சொன்னா உன்னைக் கேக்காம யாருகிட்டயும் போகாது. தப்பு உன்னோடது இல்ல."

"விழுந்துட்டேம்மா."

"சரி."

துருவவில்லை. அதட்டிக் கேட்டால் அவள் வீட்டில் இருப்பவர்களில் நானும் ஒருத்தியாகிவிடுவேன். கட்டு இறுகும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவளாகவே ஆரம்பித்தாள்.

"நான் வாயத் தொறந்தாலே எங்க ஊர்ப் பேச்சுன்னு சிரிப்பாங்க. அதனால பேசாம இருந்தேன். பேசலன்னு அடிச்சாரு."

"எதால?"

"மாடு ஓட்டுற குச்சி. அன்னிக்கு அதுதான் கையில இருந்திச்சி."

"ஆத்தூர்ல உங்க அண்ணன் இருக்காரில்ல? அவருக்குச் சொல்லி அனுப்பட்டுமா? இன்னிக்கே பஸ் ஏத்தி விட்டுடலாம்."

"பாப்பா அங்க இருக்குதும்மா. ரெண்டு வயசு. அவள விட்டுட்டு நான் எங்கயும் போவமாட்டேன்."

அன்று சாயங்காலமே அவளை அனுப்பிவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். ஆனால் கை அவளுடையது, குழந்தையும் அவளுடையது. "அப்ப என்ன செய்யலாம், நீயே சொல்லு" என்றேன்.

"ரெண்டு மூணு நாளு இங்க வச்சிக்குங்கம்மா. பாப்பா நான் இல்லாம தூங்காது, கத்தும். பொட்டப் புள்ளய அங்க யாரு தூக்கிச் சுமப்பாங்க? அவங்களே கொண்டாந்து விட்ருவாங்க."

அந்த வீட்டை அவள் எத்தனை துல்லியமாக அளந்து வைத்திருந்தாள்!

கதவைத் திறந்து மாமியாரிடம் சொன்னேன். கட்டுக்குள் கை வீங்கினால் விரல்களுக்கு ரத்தம் போகாது, கூடவே இருந்து கவனிக்க வேண்டும், படுக்கையில் சேர்க்கிறேன் என்று. அதில் பொய் ஒன்றுமில்லை.

"அப்ப எருமையெல்லாம் ஆரு பீச்சறதுங்க?" என்றாள்.

ஒடிந்த கையோடு அந்தப் பெண் முந்தாநாளும் நேற்றும் பால் கறந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆத்தூர் பஸ் கண்டக்டரிடம் ஆயா வாய்வார்த்தையாகச் சேதி சொல்லிவிட்டாள். தங்கச்சிக்குக் கை ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறது, அண்ணன் வர வேண்டும். அவ்வளவுதான், மற்றதைச் சொல்வது தங்கச்சி பாடு. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தாள். குழந்தை வரவில்லை. திங்கட்கிழமை புருஷன் வந்தான். மனைவியின் படுக்கைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல், தலைமை டாக்டரின் அறையில் காப்பி குடித்துவிட்டுப் போனான். மறுநாள் காலை வண்டி வரும், அவளை அனுப்பிவிட வேண்டும் என்று எனக்கு உத்தரவு வந்தது.

அன்று மத்தியானம் அண்ணன் வந்து சேர்ந்தான். தங்கையின் கையைப் பார்த்து அழுதான். பிறகு ஆண்பிள்ளையாக உடனே அதிகாரம் செய்தான்.

"கெளம்பு, கெளம்பு. புள்ளய அப்பறம் பேசி வாங்கிக்கலாம்."

"நீ போண்ணா. நான் வரல."

"நாளைக்கி வண்டி வந்தா என்னா பண்ணுவ?"

"ஏறிப் போவேன். பாப்பா அங்கதான இருக்கு."

அவன் என்னைப் பார்த்தான், நான் அவளுக்குப் புத்தி சொல்வேன் என்று. நான் சொல்லவில்லை. இங்கே அவளுக்குப் புத்தி சொல்ல ஏற்கனவே ஊரே வரிசையில் நின்றது.

பொழுது சாயும் நேரத்தில் பண்ணையில் வேலை செய்யும் ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு வந்தாள். குழந்தையின் முகம் முழுக்க மூக்குச்சளி, அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது.

"ரெண்டு நாளா ஒரே கத்தலுங்க. ஊட்டுல ஆரும் கண்ண மூடல. 'கொண்டுபோயி அவ ஆத்தாகிட்டயே போட்டுட்டு வா, நாளைக்கு வண்டியில சேந்து வரட்டும்'னு பெரியாத்தா சொல்லிப்போட்டாங்க. இந்தா சாமி, உங்கம்மாகிட்டப் போ."

அவள் ஒற்றைக் கையால் குழந்தையை வாங்கி மடியில் இருத்திக்கொண்டாள். அழவில்லை. அண்ணனைப் பார்த்து, "காலைல மொத பஸ்ஸு எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை வில்வண்டியில் மாமியார் வந்து இறங்கியபோது படுக்கை காலி. தலைமை டாக்டர் என்னை வரவழைத்தார்.

"யாரைக் கேட்டு அனுப்பினீங்க?"

"அவளைக் கேட்டு."

நான் ஏதோ லத்தீனில் பேசிவிட்டதுபோல விழித்தார். அத்தனை வருஷ உத்தியோகத்தில் அப்படி ஒரு முறை இருக்கிறதென்று அவர் கேள்விப்பட்டதே இல்லை. "நாளைக்கு எனக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்குமே" என்றார். பதில் சொல்லவேண்டிய மாமியார் அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மாமியார் குழந்தையைப் பற்றிக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்கவில்லை, சொன்னாள்.

"அவ புள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டாளேன்னு ஊருல நாலு பேரு பேசுவாங்க. பேசட்டும். பொட்டப் புள்ளதானுங்களே. பையனா இருந்தா ஊட்ட உட்டு அனுப்பியிருப்பமுங்களா?"

அந்தக் குடும்பத்தின் வாயிலிருந்து நான் கேட்ட முதல் உண்மை அது. தலைமை டாக்டர் அனுதாபத்தோடு தலையாட்டி, அவளுக்கு ஒரு காப்பி கொண்டுவரச் சொன்னார்.