அவள் துணிக்கு உப்பும் மிளகாயும்

தேர்தல் முடிந்த மறுநாளே, நாங்கள் போய்த் தங்கிவிட்டு வந்த அந்த நாட்டில் இணையத்தை நிறுத்திவிட்டார்கள் என்று கணவர் காலையில் தோசை சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். எனக்கு முதலில் வந்தது பயம் அல்ல. அங்கே எங்களுக்கு மாடி கொடுத்தவளைப் பற்றி இவருக்கு ஏன் இவ்வளவு கவலை என்பதுதான்.

"கடையெல்லாம் எரிக்கறாங்களாமா. அவங்க ஊட்டுப் பக்கமும் ஊரடங்காம். ஒரு மெசேஜ் போட்டுப் பாரேன்" என்றார்.

"நீங்களே போடுங்க."

"போட்டேன். ஒத்த டிக்கோட நிக்குது."

நான் அடுத்த தோசையைத் திருப்பினேன். அது கருகியிருந்தது.

அவர் வேலை பார்ப்பது கோவையில் மோட்டார் பம்ப் செய்யும் ஒரு கம்பெனியில். கிழக்கு ஆப்பிரிக்காவில் கடலோரமாக இருக்கும் அந்த நாட்டுக்கு ஆறு மாதம் முன்பு அவரை அனுப்பினார்கள். இரண்டு வாரம்தானே, நீயும் வா, ஊர் பார்த்த மாதிரி இருக்கும் என்றார். மூன்று வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். காய்ச்சல் மருந்து, வாந்தி மருந்து, தெர்மாமீட்டர், வெந்நீர் பிளாஸ்க், இட்லிப் பொடி எல்லாம் ஒரு பெட்டி நிறைய. எதை விட்டுவிட்டு வந்தேனோ என்று விமானத்திலும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

தங்கியது ஒரு வீட்டின் மாடியில். கீழே அந்த வீட்டுக்காரி. என் வயதுதான் இருக்கும். குழந்தை கிடையாது. மாடியை வாடகைக்கு விட்டு, வருகிறவர்களுக்குச் சமைத்தும் கொடுத்தாள்.

என் பையனுக்குச் சோறு ஊட்டுவது எப்படியென்று எங்கள் அப்பார்ட்மெண்டில் எல்லாருக்கும் தெரியும். கிண்ணத்தோடு லிஃப்டில் ஏறி இறங்குவேன், பார்க்கிங்கில் ஒவ்வொரு வண்டியாகக் காட்டுவேன். அவள் அப்படி எதுவும் செய்யவில்லை. வாசலில் பாய் போட்டு உட்கார்ந்து, மக்காச்சோள மாவில் கிண்டிய களியைத் தட்டில் வைத்துத் தன்பாட்டுக்குச் சாப்பிட்டாள். இவன் போய்ப் பக்கத்தில் நின்றான். அவள் கண்டுகொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் இவனே உட்கார்ந்து தட்டில் கை வைத்தான். கழுவாத கை. நான் பிளாஸ்க்கோடு ஓடுவதற்குள் மூன்று வாய் போய்விட்டது.

"பாத்தியா, இவ்வளவுதான் விஷயம்" என்றார் கணவர். அந்த 'இவ்வளவுதான்' எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதற்குப் பிறகு தினமும் அவள் தட்டுதான். மத்தியானம் அவள் முதுகில்தான் தூக்கம். அந்த ஊர்ப் பெண்கள் இடுப்பில் சுற்றுகிற, பூப்போட்ட பெரிய துணி ஒன்று உண்டு. அதிலேயே குழந்தையை முதுகில் கட்டிக்கொள்வார்கள். கிளம்புகிற நாளன்று அவள் இவனை அப்படிக் கட்டிக்கொண்டு வாசல் கூட்டினாள். குனிந்து நிமிர்ந்தும் அவன் தூக்கம் கலையவில்லை. மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வயிறு எரிந்தது. இவளுக்கு மட்டும் எப்படி இவ்வளவு சுலபம் என்று வெகுநேரம் பார்த்தேன். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். துணியை அவிழ்த்து, குழந்தையையும் துணியையும் சேர்த்தே என் கையில் கொடுத்தாள்.

ஊருக்கு வந்த பிறகும் அவன் அந்தத் துணி இல்லாமல் தூங்கவில்லை. நானும் மக்காச்சோள மாவு வாங்கிக் களி கிண்டினேன். துப்பிவிட்டான்.

இப்போது அந்த நாடு செய்தியில் எரிந்தது. டயர், புகை, ஓடுகிற கால்கள். நாங்கள் பழம் வாங்கிய தெரு அதுதானா என்று உற்றுப் பார்ப்பேன், தெரியாது. தேர்தலில் என்ன தகராறு, யார் யாரைச் சுட்டார்கள் என்று கணவர் விளக்கினார். எனக்கு மாடிப்படி மட்டுமே ஞாபகத்தில் நின்றது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். என்ஜினீயரிங் படித்திருக்கிறேன். ஒருத்தி வயிற்றெரிச்சலில் ஒரு நாடு எரியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வீடு? செல்போனை எடுத்துப் பார்ப்பேன். ஒற்றை டிக்.

அந்த வாரம் கிணத்துக்கடவிலிருந்து நங்கையா வந்தார். எங்கள் பக்கத்தில் கணவரின் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம். சாக்கில் தேங்காயை இறக்கிப்போட்டு, துணியை இழுத்துக்கொண்டு திரிந்த பையனைப் பார்த்தார்.

"ஏனம்மணி, புள்ள எளைச்சுப் போயிட்டான்? இதென்ன துணி?"

சொன்னேன்.

"அப்டிச் சொல்லு. அவ கண்ணுதான் பட்டிருக்குது. புள்ளையில்லாதவ, ஆசையாப் பாத்திருப்பா. உப்பு மொளகா எடு, துணியோட சேத்துச் சுத்தி எரிச்சுப் போடலாம்."

"துணிய எரிக்க வேண்டாமுங்க நங்கையா." என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. "அவன் இருக்கட்டுமுங்க. அந்தத் துணிக்கு மட்டும் சுத்திப் போடுங்க. அவங்களுக்காக."

நங்கையா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அவளுக்கா? கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கறவளுக்கா?"

"அவங்க கட்டின துணிதானுங்களே. வெளியூர்ல இருக்கறவங்களுக்குத் துணிய வெச்சுச் சுத்தறது உண்டுதானுங்க?"

"உண்டு, பொள்ளாச்சியில இருந்தா உண்டு. உம்பட படிப்பு பூரா இதுக்குத்தானா!" என்று சிரித்தார். ஆனாலும் எழுந்தார். அவர் அப்படித்தான்; கேலி பண்ணுவார், செய்தும் கொடுப்பார்.

துணியை நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்த மாதிரி மடித்து வைத்தேன். கைப்பிடி உப்பும் வர மிளகாயும் எடுத்து நங்கையா சுற்ற ஆரம்பித்தார்.

"ஊர்க் கண்ணு, ஒறவுக் கண்ணு, வந்தவ கண்ணு, போனவ கண்ணு, பெத்தவ கண்ணு..."

குழந்தைகளுக்குச் சுற்றுகிற பழக்கத்தில் வந்ததுதான் அந்தக் கடைசி வார்த்தை. நான் மாடிப்படியில் நின்று பார்த்தது அவருக்குத் தெரியாது. நான் தரையைப் பார்த்தேன்.

பால்கனியில் கொட்டாங்குச்சியைக் கொளுத்தி அதில் மிளகாயைப் போட்டோம். கண் பட்டிருந்தால் நெடி வராது என்பது கணக்கு. வந்தது பாருங்கள், அப்படி ஒரு கமறல்! நங்கையா இருமினார், பையன் தும்மினான், கீழ்வீட்டம்மா "ஏனுங்க, என்னங்க கருகுது?" என்று கத்தினார்.

"கண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. மொளகாய வீணாக்கிப் போட்டே" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தார் நங்கையா.

கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. பிறகு, அது சூப்பர் மார்க்கெட் பாக்கெட் மிளகாய், காரம் அதிகம் என்று எழுதியிருந்ததே என்று தோன்றியது. நிம்மதி போயிற்று.

நங்கையா ஊருக்குப் போன பிறகு ஒரு மத்தியானம், ரசம் சாதத்தோடு அவன் பின்னால் நடந்துகொண்டிருந்தபோது செல்போனில் மெசேஜ் வந்த சத்தம். அவள்தான். குரல் பதிவு. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அதைப் போட்டேன்.

நன்றாக இருக்கிறேன் என்று அவளுடைய நிதானமான ஆங்கிலத்தில் சொன்னாள். தெருவில் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்களாம். கடைக்குப் போக முடியாமல் வெறும் பயறு வேகவைத்துத் தின்றார்களாம். எதிர்வீட்டுக்காரர் வேலைக்குப் போனவர் இன்னும் வரவில்லையாம், அவர் மனைவி இவள் வீட்டில்தான் இருக்கிறாளாம். பின்னால் யாரோ அழுவது கேட்டது. பிறகு குரலை மாற்றிக்கொண்டு என் மகனைக் கூப்பிட்டாள். சாப்பிட்டாயா, என் துணி பத்திரமா, எப்போது வருவாய் என்று வரிசையாகக் கேட்டாள். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கு அழுகை வந்தது. அதோடு கூடவே அந்தப் பழைய எரிச்சலும் எழுந்தது. இன்னும் உயிரோடு இருக்கிறாள், அங்கிருந்தே என் பிள்ளையைக் கூப்பிடுகிறாள்.

அவன் செல்போனைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். பதிவு முடிந்தது.

"ஆன்ட்டி பேசச் சொல்லு. மறுபடியும் போடும்மா."

அந்த முதல் பகுதியைத் தாண்டி, அவள் அவனைக் கூப்பிடும் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

"வாயைத் தொற, போடறேன்."

திறந்தான். அவள் பேசினாள், நான் ஊட்டினேன். கிண்ணம் காலியாகும் வரை போட்டுக்கொண்டே இருந்தேன்.