அண்ணன் அடுக்கிய மட்டைகள்

லுக்குட் ரோட்டில் மோட்டார் விபத்தில் அண்ணன் இறந்த பிறகு, ஒவ்வொரு மழைக்கும் தோட்டத்து இடுகாட்டில் அவன் குழி உள்வாங்கியது. செம்மண் கொட்டினோம், கரைந்து ஓடியது. அம்மா நட்ட செம்பருத்தியும் கருகியது.

"இன்னும் உள்ளதான்டி போயிக்கிட்டு இருக்கான்," என்று அம்மா அழுவார்.

அண்ணனோடு தோட்டத்தில் எண்ணெய்ச் செம்பனைக் குலை வெட்டிய குணாவிடம் நல்ல மண் கேட்டேன். வெட்டிய மட்டைகளை மரங்களுக்கு நடுவே அடுக்கியிருக்கும் இடத்துக்கு அழைத்துப் போனார்.

"எல்லாம் ஒங்கண்ணன் அடுக்குனதுலா. வீட்ல ஒருநாளாச்சும் பாயச் சுருட்டியிருப்பானா? இங்க பாரு, எவ்ளோ சீரா வச்சிருக்கான்!"

சிரித்துவிட்டேன். மேல் மட்டையைத் தூக்கியபோது சிரிப்பு நின்றது. அண்ணனின் கத்தி எப்போதும் சாய்வாகத்தான் இறங்கும். அந்த வெட்டு அப்படியே இருந்தது.

அதற்குக் கீழே இருந்தவை தொட்டதும் உதிர்ந்தன. இன்னும் கீழே மட்டையே இல்லை. குளிர்ந்த கறுப்பு மண்தான்; அதில் புழு நெளிந்துகொண்டிருந்தது.

"இதுவும் மட்டையாண்ணே?"

"அவன் வேலைக்கு வந்த புதுசுல போட்டது. மழையும் புழுவும் மெல்லத் தின்னு மண்ணாக்கிருச்சு."

ஒரு சாக்கு அள்ளிப்போய்க் குழியில் கொட்டினேன். அம்மா ஒரு பிடி எடுத்து முகர்ந்தார்.

"எங்கேருந்துடி இந்த மண்ணு?"

"அண்ணன் போட்டதும்மா."

அம்மா அந்தக் கையை வெகுநேரம் விரிக்கவே இல்லை.

புதிதாக நட்ட செம்பருத்தி வேர்பிடித்துவிட்டது. வேர் பிடித்த மண் கரையவில்லை, குழியும் இறங்குவதில்லை. ஆனால் மழை வரும்போதெல்லாம் அந்தச் சாய்வான வெட்டு நினைவுக்கு வருகிறது. அதுவும் இந்நேரம் உதிர்ந்துகொண்டிருக்கும். அது மண்ணாகட்டும் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.